தானாக விழுந்த லாடம்

திலகவதிக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். மலாக்கா டவுனில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கிளேம்களைப் பார்க்கிறாள். மோட்டார் சைக்கிள் தானாக விழுந்ததா, விழ வைத்தார்களா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தால் யாருக்கும் கண் கொஞ்சம் இடுங்கித்தான் போகும். டப்பாவில் சீனி குறைந்தால் எறும்பை வரிசையாக நிறுத்தி விசாரிப்பாள் என்று அவள் கணவனே கேலி செய்வான்.

அப்படிப்பட்டவளிடம் போய், குதிரைச் சவாரி முகாமில் வந்திறங்கிய முதல் சாயங்காலமே தேவிஸ்ரீ அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

“வண்டுக்குக் கடைசியா எப்ப லாடம் அடிச்சே?”

“ஆவுது ஒரு மாசத்துக்கு மேல. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்லா.”

சும்மா என்ற சொல்லைத் திலகா நம்புவதில்லை. சும்மா நின்றேன், சும்மா திரும்பினேன், சும்மா பிரேக்கை அழுத்தினேன் என்றுதான் பொய்க் கிளேம்கள் எல்லாம் ஆரம்பிக்கும்.

வண்டு அவளுடைய குதிரை. ரேஸில் ஓடி ஓய்ந்து, இனி யாருக்கும் வேண்டாம் என்று ஆனபோது அவள் வாங்கிக்கொண்டது. உடம்பில் ஒரு வெள்ளைப் புள்ளிகூடக் கிடையாது, அப்படி ஒரு கறுப்பு. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. தேவிஸ்ரீயின் செம்பழுப்புக் குதிரைக்குப் பெயர் மிலோ. தமிழ்ப் பள்ளியில் அறிவியல் டீச்சரான தேவிஸ்ரீயும் திலகாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். குதிரைப் பைத்தியமும் இருவருக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. வார இறுதியானால் தஞ்சோங் கிளிங்கைத் தாண்டி, முன்பு ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் காளிதாஸ் அண்ணனின் லாயத்துக்குத் திலகா காரை ஓட்ட, ஒரே காடியில் வருவார்கள். அங்கேதான் இந்த மூன்று நாள் முகாம்.

வேறு வருடமாக இருந்தால் முகாம் என்பது ஒரு சாக்கு. சவாரி, சிரிப்பு, உம்பாயிலிருந்து வாங்கி வந்த சுட்ட மீன், அவ்வளவுதான். இந்தத் தடவை காளிதாஸ் அண்ணன் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டிருந்தார். திரெங்கானுவில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கு லாயத்திலிருந்து ஒரு குதிரைதான் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை சவாரியைப் பார்த்துவிட்டு வண்டுவா மிலோவா என்று சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த லாடக் கேள்வி என்று திலகா முடிவுகட்டினாள்.

முடிவுகட்டிய பிறகு சான்றுக்கா பஞ்சம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தேவிஸ்ரீயிடம் ஒரு சிவப்புப் பை இருந்தது. திலகா பக்கத்தில் போனால் அதன் ஜிப்பைச் சரக்கென்று இழுத்து மூடினாள். போன் அடித்தால் செம்பனை மரங்களுக்குப் பின்னால் போய்ப் பேசினாள். “சேகரன் எங்கடி? இந்த வாட்டி வரலியா?” என்று கேட்டதற்கு, “ஜொகூருக்கு லோரி எடுத்துட்டுப் போயிருக்காரு” என்றாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. கட்டிய புருஷனைப் பற்றிச் சொல்ல முகத்தை எதற்குத் திருப்ப வேண்டும்?

சனிக்கிழமை காலையில் எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். ரொட்டி சானாயைப் பாதியில் வைத்துவிட்டுத் திலகா எட்டிப் பார்த்தால், தேவிஸ்ரீ வண்டுவின் அடைப்புக்குள் குந்தியிருந்தாள். முன்னங்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னா பண்றே?”

தேவிஸ்ரீ திடுக்கிட்டு எழுந்தாள். “ஒன்னும் இல்லலா. ஈ மொச்சுச்சு. ஓட்டுனேன்.”

“மிலோவுக்கு ஈ மொய்க்கலியா?”

தேவிஸ்ரீ கோப்பிக் குவளையைத் தேடிப் போய்விட்டாள். மடியில் கனம் இல்லாதவள் இப்படிப் போவாளா? அன்று முழுக்கத் திலகா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு திரிந்தாள். வண்டுவின் தண்ணீர் வாளியை மோந்து பார்த்தாள். சேணத்தின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். சாயங்காலம் கடலோர மணலில் குதிரைகள் வரிசையாக நடந்தபோதும் சூரியனைப் பார்க்காமல் தேவிஸ்ரீயின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். நெஞ்சு கசந்தது. இத்தனை வருடப் பழக்கம் ஒரு ஓட்டத்துக்கா இப்படி ஆக வேண்டும் என்று நினைத்தபோது அழுகைகூட வந்தது. அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.

இரவு கொட்டித் தீர்த்த மழையில், ஞாயிறு காலை அடைப்பெல்லாம் சேறாகக் கிடந்தது. திலகா முகம் கழுவிவிட்டு வரும்போது தேவிஸ்ரீ ஏற்கெனவே சேற்றிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. கையில் சிவப்புப் பை. இவளைக் கண்டதும் ஜிப்பு சரக்கென்றது.

சவாரிக்கு முன்னால் நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்துச் சுரண்டிவிட்டுத்தான் சேணம் போட வேண்டும். காளிதாஸ் அண்ணன் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது அது. திலகா ஒருநாளும் தவறியதில்லை. அன்றைக்கு மட்டும் கை சேணத்தை மாட்டியது, கண் அந்தப் பையிலேயே இருந்தது. அப்படியே ஏறிவிட்டாள்.

செம்மண் பாதை முடிந்து கல் ரோடு ஆரம்பித்ததும் வண்டு நொண்டியது. முதலில் லேசாக. பிறகு ஒவ்வொரு எட்டுக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. காளிதாஸ் அண்ணன் ஓடிவந்து முன்னங்காலை மடக்கிப் பார்த்தார்.

“லாடம் எங்கம்மா? ஓரமெல்லாம் பேந்துருக்கு பாரு. அடிப்பாதம் கல்லுல இடிச்சு வீங்கிக்கிச்சு.”

வண்டு வலியில் அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சுவிட்டது. லாயத்துக்கு வந்து சேர்ந்ததும் திலகா வேறு எதையும் பார்க்காமல் நேரே போய்ச் சிவப்புப் பையைத் தூக்கினாள்.

“திலகா, அத வைடி!” என்று தேவிஸ்ரீ கத்தினாள்.

ஜிப்பைக் கிழிக்காத குறையாகத் திறந்தாள். உள்ளே மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் கறுப்பு எள் பொலபொலவென்று கொட்டியது. எள்ளுக்கு நடுவே வண்டுவின் லாடம்.

“செய்வினையா?” திலகாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “என் பிள்ளைக்காடி செய்வினை வைக்கிறே?”

“அய்யோ, அப்படி இல்ல. சத்தியமா நான் புடுங்கல. காலையில சேத்துல கெடந்துச்சு, எடுத்தேன். நீ குளம்பு பாக்காம ஏறமாட்டேன்னு நெனச்சேன்டி.”

அது உண்மை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்திலிருந்துதான் மனிதருக்கு வாய் நீளும்.

“பேசாதே! திரெங்கானு போவணும்னா நேரா ஜெயிச்சுப் போவணும். அடுத்தவ காலை முடமாக்கிட்டுப் போவக்கூடாது. ஒன் வீட்டுல ஒருத்தருக்குக் கால் போனாத்தான்டி ஒனக்கு அந்த வலி தெரியும்!”

தேவிஸ்ரீயின் முகம் வெளுத்துவிட்டது. பதிலுக்குத் திட்டுவாள் என்று திலகா எதிர்பார்த்து நின்றாள். அவள் திட்டவில்லை. லாடத்தை மட்டும் எடுத்துத் திலகாவின் கையில் வைத்தாள். பிறகு மிலோவின் பக்கம் போய்ச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

காளிதாஸ் அண்ணன் வண்டுவின் காலை உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்தார். பிறகு குழந்தைக்குக் கட்டும் பாம்பர்ஸைக் குளம்பில் சுற்றி, அதன்மேல் வெள்ளி நிற டேப்பை இறுக்கிச் சுற்றினார். குதிரைக்குப் பாம்பர்ஸ் கட்டினால் எப்போதும் எல்லாரும் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

“யாரும் புடுங்கலம்மா” என்றார் அவர். “ஆணி அப்படியே மொறிஞ்சிருக்கு. சேத்துல முன்னங்கால் மாட்டிக்கிச்சு, பின்னங்கால் மிதிச்சு லாடம் கழண்டுருச்சு. மழை பேஞ்சா இது சகஜம். ரெண்டு வாரத்துல சரியாயிடும். இப்ப நாலு எட்டு மெதுவா நடத்திக் கொண்டுபோய் நெழல்ல கட்டு.”

அவர் போனதும் சுரேன் வந்தான். தேவிஸ்ரீயின் சித்தி மகன், அவளோடு முகாமுக்கு வந்திருந்தவன். டயர் கடை வைத்திருக்கிறான். அதிகம் பேசாதவன்.

“திலகாக்கா, நீங்க அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா.”

“எந்த வார்த்தை?”

“கால் போனாத்தான்னு சொன்னீங்களே.” சுரேன் தரையைப் பார்த்தான். “மாமா ஜொகூர்ல இல்லக்கா. ஆஸ்பத்திரில இருக்காரு. இனிப்பு நீரு, சர்க்கரை வியாதி. கால் பெருவிரல்ல ஒரு புண்ணு வந்து மேல ஏறிருச்சு. செவ்வாக்கிழமை ஆபரேஷன். விரலோட நிக்குமா, முட்டியோட எடுப்பாங்களான்னு டாக்டரே சொல்லல.”

திலகா கையில் இருந்த லாடத்தைப் பார்த்தாள்.

“மாமாவுக்கு ஏழரைச் சனி. கறுப்புக் குதிரை லாடத்தைக் கட்டில்ல கட்டினா கால் தப்பிக்கும்னு கோயில்ல ஒரு அம்மா சொல்லிட்டாங்க. அது தானா விழுந்ததா இருக்கணுமாம். காசு குடுத்து வாங்கக்கூடாது, கேட்டும் வாங்கக்கூடாது. ஒடையவங்களுக்குத் தெரியாம எடுக்கணும். அதுக்குத்தான் அக்கா இங்க வந்தாங்க. இல்லேன்னா மாமாவ விட்டுட்டு வருவாங்களா? திரெங்கானுவும் வேணாம், ஒன்னும் வேணாம்.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா…”

“சொன்னா பலிக்காதுக்கா. அதோட, நீங்க சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடும்போதெல்லாம் சிரிச்சவங்க அவங்க. சயின்ஸ் டீச்சரு. எப்படிச் சொல்லுவாங்க?”

சுரேன் போய்விட்டான். எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை அடித்த கதை என்பார்கள். இதில் எண்ணெய் குடித்த நாயே இல்லை. வெறும் மழையும் சேறும்தான். குளம்பைப் பார்க்காமல் ஏறியவள் யார்? எத்தனை பேரின் விபத்தில் “கவனக்குறைவு” என்று எழுதியிருப்பாள்! திலகாவுக்கு நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போல் வெட்கமாக இருந்தது. தேவிஸ்ரீயின் கல்யாணத்தில் சேகரன் ஆடிய ஆட்டம் கண்முன் வந்தது. அந்தக் காலையா சபித்தாள்?

ஓடிப்போய்க் காலில் விழலாம். லாடத்தைக் கையில் திணித்து, எடுத்துக்கோடி என்று சொல்லலாம். சொன்னால் அது கொடுத்ததாகிவிடும். கொடுத்த லாடம் வெறும் இரும்பு. காடியின் பின்பெட்டியில் அப்படி நாலு பழைய லாடம் கிடக்கிறது, லாடம் அடிப்பவர் கழற்றிப் போட்டது. எதற்கு உதவும்? சேகரனின் கால் மருந்தில் பிழைக்குமோ மந்திரத்தில் பிழைக்குமோ அவளுக்குத் தெரியாது. தேவிஸ்ரீ அதைப் பிடித்துக்கொண்டுதான் செவ்வாய்க்கிழமைவரை நிற்க முடியும் என்பது மட்டும் தெரிந்தது. அதைத்தான் இவள் பிடுங்கிவிட்டாள்.

வண்டுவிடம் போனாள். பிறகு கீழே குந்தி, வெள்ளி டேப்பின் விளிம்பில் லாடத்தைச் செருகினாள். இறுக்கமாக இல்லை. நாலு எட்டு நடந்தால் நழுவிவிடும் அளவுக்குத்தான்.

“வாடா வண்டு. மெதுவா.”

நிழல் இருந்தது ஒரு பக்கம். அவள் மிலோவின் அடைப்பு இருக்கும் மற்றப் பக்கமாக நடத்திக்கொண்டு போனாள். தேவிஸ்ரீ முதுகைக் காட்டி வைக்கோலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. வண்டு நொண்டி நொண்டி வந்தது. அடைப்பின் வாசல் கல்லைத் தாண்டும்போது, கிணுங் என்று ஒரு சத்தம்.

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

திலகா நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய், செம்பனை மரத்தில் கயிற்றைக் கட்டினாள். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். இரண்டு நாளாக இமைக்காமல் பார்த்தவளுக்கு இப்போது பின்கழுத்து முழுக்கக் கண்ணாகத் துடித்தது. திரும்பினால் போச்சு. வண்டுவின் பிடரியில் முகத்தைப் புதைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நேரம் போனது. சேற்றில் செருப்பு உரசும் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

‘எடுடி’ என்று மனசுக்குள் கெஞ்சினாள். ‘நான் பாக்கல. என் வண்டு மேல சத்தியமா நான் பாக்கல. எடு.’

பின்னால் எங்கோ அந்தச் சிவப்புப் பையின் ஜிப்பு, சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்ல மெல்ல மூடியது.