வெயிலூரான் விட்ட ஆமைகள்

ஏரிக்கரையில் எல்லோரும் அவனை வெயிலூரான் என்றுதான் கூப்பிட்டார்கள். கோடையிலும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகு ஏறுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? தெற்கே ஓர் ஆற்றோரம் பிறந்தவன், ஆமை பிடிப்பதில் கைதேர்ந்தவன். அங்கே போட்டி அதிகமாகிப் பிழைப்பு இழுபறியானதும், அக்காவைக் கட்டிக்கொடுத்த இந்தக் குளிர் ஊருக்கு வந்து சேர்ந்தான்.

அக்காவின் கணவர் படகு பழுது பார்க்கிறவர். எண்ணிப் பேசுகிற மனிதர். இந்த ஏரியில் வீட்டுக்குச் சில ஆமைகளுக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. வெளியாளைச் சேர்க்கக் கரைக்காரர்கள் தயங்கியபோது, "என் மச்சினன்தான், நான் பார்த்துக்கிறேன்" என்று அவர்தான் முன்னால் நின்றார்.

முதல் கோடையில் கூண்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஓட்டில் பாசி பிடித்த கிழட்டு ஆமைகள், ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம்.

"என்ன மாமா, உங்க ஊர்க்காரங்களுக்குக் கை வலிக்குமா? இவ்வளவையும் சும்மா விட்டு வச்சிருக்காங்க!"

"பெருசெல்லாம் பொட்டை, மாப்ள. அதுகளை விட்டுடு."

"அள்ளினா அள்ளின இடம் நாலஞ்சு வருஷத்துல ரொம்பிடும் மாமா. நான் பார்க்காத ஆமையா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய ஆற்றில் அப்படித்தான். வருஷம் முழுக்க வெயில், வருஷம் முழுக்கத் தீனி. ஐந்தாறு வயதிலேயே பொட்டை முட்டையிட ஆரம்பித்துவிடும், அதுவும் ஒரே கோடையில் இரண்டு மூன்று தடவை. இங்கே பாதி வருஷம் ஏரி உறைந்து கிடக்கும். பனிக்கட்டிக்கு அடியில், சேற்றில், ஆமையும் மூச்சடக்கிக் கிடக்கும். அது முதல் முட்டை வைக்கவே பதினைந்து இருபது வருஷம் ஆகும். வைப்பதும் கோடைக்கு ஒரே தடவை. கோடை சீக்கிரம் முடிந்தால் மணலுக்குள்ளேயே முட்டை விறைத்துப்போகும். நெடுங்காலம் உயிரோடிருந்து, ஏதோ ஒரு நல்ல கோடையில் நாலு குஞ்சைத் தேற்றிவிடுகிற அந்தக் கிழட்டுப் பொட்டைகளால்தான் ஏரி பிழைத்திருந்தது. மீன்வளத்துறை அம்மா வந்து இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டு, அவர் வண்டி கிளம்பியதும் கூண்டை இறக்கினான்.

நாலாவது கோடையில் கூண்டு காலியாக வந்தது. பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. அடுத்த கோடையும் அதேதான்.

கரைக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. மாமாவிடம் படகு கொண்டுவருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். காலிப் பட்டறையில் உட்கார்ந்து அவர் ஒரே துடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறந்து திட்டினாலாவது மனசு ஆறும்டா. மனுஷன் திட்டவும் மாட்டேங்கிறாரு," என்றாள் அக்கா.

அது அவனை அறுத்தது. அந்த இலையுதிர் காலத்துத் தொடக்கத்தில் யாரிடமும் சொல்லாமல் தெற்கே போனான். பழைய ஆற்றில் இறங்கி, முட்டையிடும் வயது வந்த பொட்டைகளாகப் பார்த்துப் பிடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, லாரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக ஏரியில் விட்டான். மாமா கரைக்கு வந்து பார்த்தார்.

"குளிர் தாங்குமா?"

"சேத்துக்குள்ள போய்ப் படுத்துக்கும் மாமா."

அவை படுக்கவில்லை. கடைசி இளவெயிலுக்குக் கரையோர ஆழமில்லாத தண்ணீரிலேயே சுற்றின. ஒரு ராத்திரிக் குளிரில் ஏரி மூடிக்கொண்டது. பனி உருகியபோது நாணல் ஓரமெல்லாம் அவை மல்லாந்து மிதந்தன. அவனும் அக்காவும் முழங்கால் தண்ணீரில் நின்று பொறுக்கினார்கள். அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை.

மீன்வளத்துறை அம்மா வந்து பார்த்தார். "வேற ஊர் ஆமையைக் கொண்டாந்து விட்டா நோயும் கூடவே வருங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஏரி எப்ப மேடம் பழையபடி ஆகும்?"

"மிச்சம் மீதி எங்கேயாவது இருந்து, யாரும் தொடாமலும் இருந்தா, ஒரு நாள் ஆகும். நீங்களும் நானும் இருக்க மாட்டோம்."

அந்தக் கோடையே மாமா பட்டறையைப் பூட்டினார். துறைமுக ஊரில் கூலி வேலை கிடைத்தது. பஸ் நிலையத்தில் அக்கா, "நீயும் வந்துடுடா, இங்க யாரு இருக்கா உனக்கு?" என்று கையைப் பிடித்தாள். அவன் போகவில்லை. எந்த முகத்தோடு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது? மரவாடியில் பலகை சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தான்.

வாரக் கடைசியில் அக்கா போன் செய்வாள். உடம்பைப் பற்றி, வாடகையைப் பற்றிப் பேசுவாள். மாமா பக்கத்தில் இருமுவது கேட்கும். போனை மட்டும் வாங்க மாட்டார். ஒரு வசந்தத்தில் அந்த இருமல் ரொம்பவே மோசமாகக் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்தி, "டாக்டர் கையை விரிச்சுட்டாருடா" என்றாள்.

"அக்கா, நேத்து ஏரியில ஒண்ணைப் பார்த்தேன்" என்றான். அவன் ஏரிப் பக்கம் போயே பல மாதம் ஆகியிருந்தது.

போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"பெருசா, மாப்ள?"

"பெருசுதான் மாமா. பொட்டை. மணல்ல ஏறிச்சு."

"தொட்டியா?"

"இல்ல மாமா. தூரத்துலேருந்தே பார்த்துட்டு வந்துட்டேன்."

"நல்லது," என்றார் அவர். மூச்சிரைப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை அவர் வைக்கும்வரை இவனும் வைக்கவில்லை.