தீவை அறுத்த வெள்ளிக்கிழமை

கசிமிராவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஏரியில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் வாயாலேயே ரம்பத்தைக் கேட்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

கோரைத் தீவில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இது ஒரு வசதி. கரையில் இருக்கிறவர்கள் சண்டை போட்டால் வேலி கட்டுவார்கள், கோர்ட்டுக்கு அலைவார்கள். இங்கே ரம்பம் ஒன்று போதும். மிதக்கும் வேர்க்கட்டிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே கோரையை அறுத்து அறுத்துப் பரப்பியதுதானே தீவு. குறுக்கே அறுத்தால் இரண்டு தீவு. ஆளுக்கொன்றை இழுத்துக்கொண்டு போய்விடலாம். டிட்டிகாகா ஏரியில் அப்படி அறுபட்ட மாமியார் மருமகள்கள் நிறைய உண்டு.

கசிமிராவின் தீவில் இருந்தது இரண்டே வீடு. ஒன்று அவளுடையது. மகள் கலியாணமாகிக் கரையில் இருக்கிற பூனோ ஊருக்குப் போனபின் அதில் அவளும் ஒரு பூனையும். இன்னொன்றில் தம்பி தொரிபியோ, அவன் மனைவி லுக்ரேசியா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். தீவைக் கால்வாய்ப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது தொரிபியோவின் பிடிவாதம். நகரக் கூடாது என்பது இவளுடையது. மழைக்காலம் முழுக்க இதே பேச்சு.

"அக்கா, கால்வாய்ப் பக்கம் போயிட்டா டூரிஸ்ட் படகு வந்து நிக்கும். இங்க யாரு வர்றா? நாமக்கோழிதான் வருது."

"நாமக்கோழி முட்டையாவது போடுது. உன் டூரிஸ்ட் என்ன போடுவான்?"

"காசு போடுவான். லுக்ரேசியா தைச்ச துணியெல்லாம் மூட்டையா கிடக்கு, பாரு."

"இங்க மீன் நல்லா விழுது."

"எங்க விழுது? விழற கராச்சி மீனு உன் பூனைக்கே பத்தல."

லுக்ரேசியா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "மதினி, நாங்க புரிஞ்சுக்காம இல்ல. அந்தக் கழியையே பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு..."

அவ்வளவுதான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கசிமிரா கீழே போட்டாள்.

"ரம்பத்த எடு," என்றாள்.

அந்தக் கழி தீவுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், தண்ணீரில் தனியாக நிற்கிறது. அவள் புருஷன் யூலோகியோ வலை கட்ட நட்ட தைலமரக் கழி. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் வலை எடுக்கப் போனான். படகு மட்டும் அந்தக் கழியில் முட்டிக்கொண்டு நின்றது. உடம்பு கிடைக்கவில்லை. ஏரி எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்பது இங்கே வழக்கமும் இல்லை. கல்லறை என்று போய் உட்கார அவளுக்கு வேறு இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் பொழுது சாய்வதற்குள் படகில் அங்கே போவாள். கோக்கா இலையில் பழுதில்லாததாக மூன்றைப் பொறுக்கி, வாயருகே வைத்து ஊதி, தண்ணீரில் விடுவாள். ஒரு வெள்ளி தவறியதில்லை. தவறினால் அவன் பசியோடு இருப்பான் என்று நம்பினாள். நம்பினாள் என்ன, அவளுக்குத் தெரியும்.

தொரிபியோ சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கிற கிறிஸ்தவச் சபைக்காரன். வெள்ளி பொழுது சாய்ந்தால் துடுப்பைத் தொடமாட்டான், கோக்கா இலையை எப்போதுமே தொடமாட்டான். "தண்ணிக்கு இலை போடறியே அக்கா, அத்தான் என்ன ஆடா, மேயறதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டான். அதற்கு அவள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அறுப்பு. ரம்பம் இரண்டு பேர் இழுக்கிற ரம்பம். சண்டைக்காரர்களே இழுக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். அக்கா ஒரு முனை, தம்பி ஒரு முனை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இழுத்தார்கள். கோபத்தில் அவள் முந்தி இழுக்க, ரம்பம் வேரில் மாட்டிக்கொண்டது.

"முந்தாத அக்கா. நான் இழுக்கும்போது விட்டுக் குடு."

"உனக்கு விட்டுக் குடுத்துக் குடுத்துத்தான்டா இந்த நிலைமை."

சொன்னாளே தவிர, அடுத்த இழுப்பிலிருந்து கை ஒத்துப்போய்விட்டது. சின்ன வயதில் சேர்ந்து கோரை அறுத்த கைகள். மத்தியானத்துக்குள் தீவு இரண்டானது. நடுவில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. லுக்ரேசியா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கசிமிரா ரம்பத்தைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். அடுப்பு இவளுக்கு, சோலார் தகடு அவனுக்கு, காய்ந்த உருளைக்கிழங்கு மூட்டையில் சரிபாதி. பூனை அதுவாகவே கசிமிராவின் பக்கம் தாண்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் படகு வந்து தொரிபியோவின் பாதியைக் கால்வாய்க்கு இழுத்துப் போகும். இவள் பாதி இங்கேயே இருக்கும். ஏற்பாடு அதுதான்.

இரண்டு விஷயத்தை இரண்டு பேருமே மறந்தார்கள். ஏரியிலேயே பிறந்து வளர்ந்த ஜென்மங்கள் இப்படி மறக்கலாமா என்று கேட்டால் பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்கு அறிவு அவ்வளவுதான் வேலை செய்யும். ஒன்று, காற்றடிக்கும் கிழக்குப் பக்கத்தில் தீவைப் பிடித்து நிறுத்தியிருந்த நல்ல கழிகள் அத்தனையும் தொரிபியோவின் பாதியில் இருந்தன. இவள் பக்கம் இருந்தவை பேருக்கு நட்ட உளுத்த கழிகள். இன்னொன்று படகு. தீவுக்கு இருந்ததே யூலோகியோவின் அந்தத் துடுப்புப் படகு ஒன்றுதான். அது எப்போதும் தொரிபியோ வீட்டு வாசலில்தான் கட்டிக் கிடக்கும். கசிமிராவின் இலைப்பையும் அதற்குள்தான் இருந்தது.

பிற்பகலில் வழக்கமான காற்று வந்தது. கசிமிரா மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். தம்பி வீடு சின்னதாகத் தெரிந்தது. அவன் வீடு போகிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் போவது தான் என்று புரிந்தது. வீடு, அடுப்பு, மீன், பூனை எல்லாவற்றோடும் மேற்கே கால்வாயைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். போகமாட்டேன் என்று மழைக்காலம் முழுக்கக் கத்தியவள்தான் முதலில் போனாள்.

"அக்கா! பயப்படாத! காத்து நிக்கட்டும்!" என்று அவன் கத்துவது கேட்டது. இந்தக் காற்றை எதிர்த்து ஒற்றைத் துடுப்பால் தீவை இழுக்க யாராலும் முடியாது.

"யாருடா பயந்தா?" என்று இவளும் கத்தினாள்.

கோரைக்காட்டு ஓரத்தில் போய்ச் செருகிக்கொண்டு அவள் பாதி நின்றது. ஆபத்து ஒன்றுமில்லை. பூனை மீனை எடுத்துக்கொண்டது, அவள் விரட்டவில்லை. உட்கார்ந்து கிழக்கே பார்த்தாள். தம்பியின் பாதி தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் கழி தெரிந்தது. படகு இல்லை, இலை இல்லை. சூரியன் பூனோ மலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று நிற்பதற்கும் பொழுது சாய்வதற்கும் சரியாக இருக்கும். பொழுது சாய்ந்தால் தொரிபியோவுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும், ஞாயிறுவரை துடுப்பெடுக்கமாட்டான். அது கிடக்கட்டும், இரண்டு நாள் இருந்துகொள்வாள். ஆனால் இன்றைக்கு வெள்ளி. முதல் தடவையாக யூலோகியோ காத்திருக்கப் போகிறான், யாரும் வரப்போவதில்லை. ரம்பத்தைக் கேட்ட தன் வாயையே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அழுதாள். பார்க்க ஆளில்லாததால் நன்றாகவே அழுதாள்.

காற்று நின்றது. ஏரி அசையாமல் கிடந்தது. தொரிபியோ படகில் ஏறுவது தெரிந்தது. தன்னை நோக்கி வருவான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படகு இந்தப் பக்கம் திரும்பவில்லை. கிழக்கே போனது. கழியருகே போய் நின்றது.

அவன் தொப்பியைக் கழற்றினான். குனிந்து பையை எடுத்தான். பாம்பைத் தொடுகிறவன்போல உள்ளே கை விட்டான். இலையை அள்ளி எடுத்தான். பிறகு வாயருகே கொண்டுபோய் ஊதினான். எத்தனை வருஷம் பார்க்காததுபோல் பார்த்திருக்கிறான், ஊதுவதை மட்டும் சரியாக ஊதினான். ஊதிவிட்டு, கைகொள்ளாத இலையைத் தண்ணீரில் போட்டான். போதாதென்று நினைத்தானோ என்னவோ, பையையே தலைகீழாகக் கவிழ்த்து உதறினான்.

கசிமிராவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"மூணு இலை போதும்டா! உங்க அத்தான் என்ன ஆடா?"

அசையாத தண்ணீரில் குரல் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு படகைத் திருப்பினான். வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவன் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

"கயிறப் பிடி," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இழுத்துக்கிட்டுப் போய்ப் பழைய இடத்துலயே கட்டிடறேன். நாங்களும் எங்கயும் போகல. சேத்துத் தைச்சுக்கலாம்."

கசிமிரா கயிற்றைப் பிடிக்கவில்லை. படகுக்குள் கிடந்த பையை எடுத்து உள்ளே பார்த்தாள். ஓர் இலைகூட மிச்சமில்லை.

"அடுத்த வெள்ளிக்கு இலை வேணும். மொத்தத்தையும் கொட்டித் தொலைச்சிட்ட."

"பூனோ சந்தையில வாங்கிக்கலாம் அக்கா."

"இங்கேருந்து சந்தைக்கு யாரு துடுப்புப் போடறது? கால்வாய்ப் பக்கம்னா கிட்ட." பையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் பாதி தூரம் வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை உன் பாதியக் கொண்டா. வெள்ளிக்கிழமை மட்டும் படகு எனக்கு."

"நானும் வரேன், துடுப்புப் போட."

"வா. ஆனா இலைய நான்தான் எடுப்பேன்," என்றாள் கசிமிரா.