கை வேர்க்காத மச்சினன்

என் மனைவியின் தம்பிக்கு 'ஊற்று' என்று பேர் வைத்தவன் நான்தான். உள்ளங்கை அப்படி வேர்க்கும். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் என் கடையில், என் பக்கத்து மேசையில், அப்படி ஒரு கை! அவன் தொட்ட சுருள்வில் ஒரே மாதத்தில் துருப்பிடித்துத் திரும்பி வரும். விரலுறை மாட்டினால் உறைக்குள்ளேயே குளம். ஆனால் கண் என்றால் அதுதான் கண். பூதக்கண்ணாடியை வலது கண்ணில் செருகினால், நான் அரை நாள் தேடிய கோளாறை அரை நிமிஷத்தில் பிடித்துவிடுவான். எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்?

"கையைச் சரி பண்ணிட்டு வா. இல்லன்னா மேசையைக் காலி பண்ணு" என்று ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அந்த அம்மாள் தாளில் ஒரு முதுகெலும்பை வரைந்து, அதன் இரண்டு பக்கமும் மணி கோத்த சரம்போல நரம்பு வரைந்தார். வேர்வை, நெஞ்சுத் துடிப்பு, கண்ணின் பாப்பா விரிவது எல்லாம் இந்தச் சரத்தின் வேலை. நம்மைக் கேட்காமல் தானாக நடக்கும் என்றார்.

"இந்த மணிங்கதான் கைக்குப் போகுது. இதுக்கு மேல இருக்கறது முகத்துக்கும் கண்ணுக்கும். வெட்டறப்போ கொஞ்சம் மேல பட்டாலும் இமை தொங்கிடும். அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. முதல்ல மூணு மாசம் மருந்து தடவிப் பாக்கலாம்."

மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். "மூணு மாசம் பொறுத்துக்குவீங்களா, அத்தான்?"

கடிகாரக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. தொல்லை தரும் பாகத்தைக் கழற்றி வீசிவிடுவான். "அதெல்லாம் எதுக்கு? வெட்டிடுங்க டாக்டர்" என்றேன். கையெழுத்து அவன்தான் போட்டான். காகிதம் நனைந்து மை கலங்கியது. நான் சிரித்தேன்.

இடது பக்கம் சரியாக முடிந்தது. வலது பக்கத்தில் வெட்டு ஒரு மணி மேலே போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து வந்தான். கை இரண்டும் காய்ந்த சுள்ளி. வலது இமை பாதிக்குத் தொங்கியது, பாப்பா கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. கண்ணாடியைச் செருகினால் இருட்டு என்றான். கடிகாரம் கொடுக்க வந்த ஒரு பெண், கண்ணடிக்கிறான் என்று நினைத்து முறைத்துவிட்டுப் போனாள். 'ஊற்று' போய் 'ஒண்ணரைக் கண்ணன்' ஆனான். அந்தப் பேரும் என் உபயம்.

"இடது கண்ணுக்குப் பழகிக்கறேன், அத்தான். ஆறு மாசம் குடுங்க."

வீட்டில் என் மனைவி அழுதாள். "உங்க பேச்சைக் கேட்டுத்தானே கத்தியில படுத்தான்? அவனைக் கை விட்டுடாதீங்க." சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவனைக் கூப்பிட்டேன். "கண்ணு போனவனுக்கு மேசை எதுக்கு? நாளைக்கு வேற ஆள் வர்றான்."

அவன் முகத்தின் இடது பாதி குப்பென்று வேர்த்தது. நெற்றியிலிருந்து தாடை வழியாகச் சட்டைக் காலருக்குச் சொட்டியது. வலது பாதி யாருக்கோ நடக்கிற விஷயம்போல உலர்ந்து கிடந்தது. எனக்கும் நாக்கு சற்றுக் குழறத்தான் செய்தது. அதனால் அவனுடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, மீதியைச் சொல்லி முடித்தேன்.