கர்வாலி மரத்தில் திரும்பு

சோற்றுச் சட்டியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு லமீஸ் கேட்டாள். "துருக்கியன் கிணறு எங்கண்ணே இருக்கு?"

முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியை நிறுத்திவிட்டு அவள் காலைப் பார்த்தார்.

"அது மேலதாம்மா நிக்கிற."

காலடியில் சிமெண்டுத் தளம்தான் இருந்தது. அதன்மேல் கோகோ கோலா பெயர் போட்ட ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு பூனை. கிணறு தூர்ந்தது அவர் தாத்தா காலத்திலாம். அதற்காகப் பெயரையும் தூர்த்துவிட முடியுமா என்று அவரே திருப்பிக் கேட்டார்.

கஃப்ர் லவ்ஸ் ஊர்க்காரர்களிடம் வழி கேட்டால் இதுதான் கதி. இருப்பதைச் சொல்லமாட்டார்கள், இருந்ததைத்தான் சொல்வார்கள். மாமியார் இன்ஸாஃப் காலையில் தோப்புக்குக் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருந்தது. "செக்கு வரும், அதுல திரும்பிடாத. துருக்கியன் கிணறு தாண்டு. இங்கிலீஷ்காரன் கொட்டகை தாண்டு. கர்வாலி மரத்துல வலப்பக்கம் திரும்பு, நாங்க இருப்போம். குருடி கூட வந்துடுவா." குருடி வந்துவிடுவாள்தான். கண் இருக்கிறவளுக்குத்தான் கஷ்டம். செக்கு இருந்த இடத்தில் செல்போன் உறை விற்றார்கள். இங்கிலீஷ்காரன் கொட்டகை இருந்த மேட்டில் நாலு வெள்ளாடு மேய்ந்தது. நாப்லுஸ் நகரத்தில் தெருப் பலகை பார்த்து வளர்ந்தவள் என்ன செய்வாள்? கீழ்ச் சாலையை ராணுவம் மண் கொட்டி அடைத்திருந்ததால் வண்டியும் வராது. பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் போனும் செத்துவிடும்.

சட்டி கனத்தது. உள்ளே மக்லூபா. அடியில் காலிஃப்ளவரும் கத்தரிக்காயும், அதன்மேல் ஆட்டுக்கறி, அதன்மேல் அரிசி. சாப்பிடுகிறவர்கள் முன்னால் தாம்பாளத்தில் கவிழ்த்துச் சட்டியைத் தூக்கவேண்டும். கோபுரமாக நின்றால் பெயர். சரிந்தால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். கல்யாணமாகி வந்து முதல் ஒலிவ அறுவடை, தனியாக ஆக்கிய முதல் சாப்பாடு. அதை நேரத்துக்கு, சூடாக, சரியான வாயில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். 'வழி தெரியாத டவுன்காரி' என்ற பெயர் மட்டும் விழவே கூடாது.

அப்போதுதான் அந்த மரம் கண்ணில் பட்டது. கர்வாலி. சந்தேகமே இல்லை. பருத்த அடிமரம், கருத்த இலை, கீழே கொட்டைகள். அப்பாடா, இந்த ஊரில் சொன்ன பெயருக்குச் சொன்ன பொருள் ஒன்றாவது இருக்கிறதே! லமீஸுக்கு அந்த மரத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வலப்பக்கம் திரும்பினாள்.

ஒலிவ மரங்களுக்குக் கீழே விரிப்பு விரித்திருந்தார்கள். ஏணியில் இரண்டு பேர், தரையில் ஐந்தாறு பேர். ஒருவரையும் தெரியவில்லை. அறுவடைக்கு உறவுக்காரர்கள் கூட வருவார்கள் என்று கணவன் முஹன்னத் சொல்லியிருந்தான். ஏணியிலிருந்து இறங்கிய பெரியவருக்கு அச்சு அசலாக மாமனாரின் மூக்கு. பிறகென்ன!

"சாப்பாடு வந்தாச்சு!" என்றாள். "அவங்கள்லாம் எங்க?"

பெரியவர் அவள் இடுப்பிலிருந்த சட்டியையே பார்த்தார். செப்புச் சட்டி, ஒரு காது உடைந்து கம்பி கட்டியது. அவர் கை தானாகப் போய் அந்தக் கம்பியைத் தொட்டது.

"வருவாங்க," என்றார். "நீ இறக்கி வைம்மா. ஸமீஹா, தாம்பாளத்தைக் கொண்டா."

அவர் மனைவி ஸமீஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணாலேயே அடக்கினார்.

லமீஸ் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கவிழ்த்தாள். சட்டியின் முதுகில் தட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். நின்றது! ஒரு பருக்கை சரியவில்லை. உச்சியில் காலிஃப்ளவர் பொன்னிறமாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஸமீஹாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கையை வாயருகே வைத்து ஒரு குலவை விட்டாள் பாருங்கள், பள்ளத்தாக்கு முழுக்க ஓடி எதிர்ச் சரிவில் முட்டித் திரும்பியது.

எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு அங்க குலவை போடுறது? எங்க வீட்டுப் பொண்ணு யாராவது அந்தப் பக்கம் வந்துச்சா?"

மாமனார் ஸுப்ஹியின் குரல். லமீஸ் திரும்பிப் பெரியவரைப் பார்த்தாள். அப்படியென்றால் இந்த மூக்கு? கல்யாணத்துக்கு வராத மூக்கு. மாடியில் நின்று ஊர்வலத்தை மட்டும் பார்த்த மூக்கு. வீட்டில் யாரும் பெயர் சொல்லாத பெரிய மாமனார் ராகிப்.

"ஐயோ மாமா, மன்னிச்சுக்கங்க," என்றாள். அழுகை முட்டியது. "கர்வாலி மரத்துல திரும்பச் சொன்னாங்க..."

"இதை யாரும்மா கர்வாலின்னு சொன்னது? இதுக்கு ஊர்ல பேரு ராகிப் நிழல். கர்வாலின்னா எல்லையில நின்ன மரம் மட்டும்தான். பனி கொட்டுன வருஷமே விழுந்துடுச்சே," என்றார் அவர்.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். விழுந்த மரத்தை அண்ணனும் தம்பியும் சேர்ந்தேதான் வெட்டினார்கள். குளிர் தாங்காமல் வேரையும் தோண்டி எரித்துக் குளிர்காய்ந்தார்கள். அடுப்பு அணைந்த பிறகுதான் அது இரண்டு தோப்புக்கும் எல்லை என்பது ஞாபகம் வந்தது. மரம் இங்கே நின்றது என்றார் ஒருவர், அங்கே என்றார் மற்றவர். நடுவில் ஒரு கழுதை படுக்கிற இடம். அன்றைக்கு நின்ற பேச்சு.

ராகிப் எழுந்து கையைக் குவித்தார். பல வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னார்.

"டேய் ஸுப்ஹி! உன் மருமக இங்கதான்டா இருக்கா!"

எதிர்ப்பக்கம் ஏணி கிறீச்சிட்டது.

"சட்டியக் குடுத்து அனுப்பு!" என்று பதில் வந்தது கடைசியில்.

"கவுத்தாச்சுடா! கவுத்ததைத் திருப்பி உள்ள போட முடியுமா? பசிச்சா வா!"

லமீஸ் தாம்பாளத்தைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள். அவர்கள் வராமல் போனால் இந்த வீட்டில் அவள் ஆயுசுக்கும் டவுன்காரிதான். எதிராளிக்குச் சோறு போட்டவள். சோற்றின் ஆவி குறைந்துகொண்டே வந்தது. ராகிப் ஒரு பருக்கையையும் தொடவில்லை, யாரையும் தொடவிடவும் இல்லை.

முதலில் இன்ஸாஃபின் சிரிப்புதான் கேட்டது. பிறகு கற்கள் உருண்டன. இடிந்த சுவரைத் தாண்டி ஸுப்ஹி முன்னால் வந்தார், பின்னால் எல்லோரும். "பசி. வேற ஒண்ணுமில்ல," என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். ராகிப் கறியில் நல்ல துண்டாகப் பிட்டுத் தம்பி பக்கம் தள்ளினார். ஸுப்ஹி அதைத் திரும்ப அண்ணன் பக்கம் தள்ளினார். மூன்றாம் முறை தள்ளும்போது முஹன்னத் எடுத்துத் தின்றுவிட்டான்.

"உப்பு கம்மி," என்றார் ஸுப்ஹி.

"வாய மூடுடா. அம்மா சட்டில அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு," என்றார் ராகிப். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. மிளகு என்றார்கள்.

தாம்பாளம் பளிச்சென்று ஆனதும் ஸமீஹா சட்டியை எடுத்தாள். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புகிற வழக்கம் அவளுக்கில்லை. அன்றைக்குப் பறித்த பச்சை ஒலிவக்காயை அள்ளி நிரப்பினாள். லமீஸ் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கு நான் எங்கதான் திரும்பணும்? அந்த மரம் எங்க இருந்துச்சு, யாராவது காட்டுங்க."

கேட்டிருக்கக் கூடாதுதான். இன்ஸாஃப் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு கிழவர்களும் எழுந்து நடந்துவிட்டார்கள்.

"இங்க!" என்று மண்ணை உதைத்து நின்றார் ராகிப்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? இங்க!" என்று கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார் ஸுப்ஹி.

"கிளை எம்மாம் தூரம் வந்துச்சு தெரியுமா? இம்மாம் தூரம்!" ராகிப் இரண்டு கையையும் விரித்தார்.

"எனக்குத் தெரியாதா? அதுல ஊஞ்சல் கட்டினதே நான்தான்!" ஸுப்ஹியும் விரித்தார்.

நடுவில் ஒரு கழுதை படுக்கிற இடம். விரித்த கைகளின் விரல்நுனிகள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டன. ஒருவரும் இறக்குவதாக இல்லை. பெண்கள் சிரித்துச் சிரித்து விரிப்பிலேயே சாய்ந்துவிட்டார்கள்.

"அப்படியே நில்லுங்க மாமா, ரெண்டு பேரும்," என்றாள் லமீஸ். "நாளைக்கும் இதே நேரத்துக்கு நில்லுங்க. நான் வழி தப்பவேமாட்டேன்."

சட்டியை அணைத்துக்கொண்டு, அந்தக் கைகளுக்கு அடியில் குனிந்து, வலப்பக்கம் திரும்பினாள்.