ஏலம் போன கன்னிப்பெட்டி

செண்பகவல்லி அந்த மரப்பெட்டியை ஏலத்தில் விட்ட மாலையில், கைபேசி ஏலக்குழுவின் தலைவர் சௌந்தரபாண்டியன் தம் குரலை வழக்கத்தினும் உயர்த்த வேண்டியிருந்தது.

கயத்தாற்றில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் அவர். ஊர்க் கோயில்கொடை விழாக்களில் அம்மனுக்குச் சாத்திய மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் கூறிப் பழகிய தொண்டையை இப்போது கைபேசிக்குள் கொண்டுவந்திருந்தார். வீட்டில் புழங்கிய பொருளை எவரும் படம் பிடித்துக் குழுவில் இடலாம். எந்த ஊரில் இருப்பவரும் விலை கேட்கலாம். கேட்பு ஓய்ந்ததும் அவர் குரல் எழும்.

"தேக்குப் பெட்டி. பித்தளைப் பூண். பூச்சி அரிக்கல, பொத்தல் இல்ல. கோயமுத்தூர் அம்மா கேட்டதோட நிக்கு. ஒரு தரம்... மதுரைக்காரர் எங்க போனீரு? வீட்டம்மாட்ட உத்தரவு வாங்கப் போயிட்டீரா?"

"அண்ணாச்சி, கூரியர் செலவு யார் தலையில?" என்று மதுரைக்காரர் எழுதினார்.

"முடி இருக்க தலையிலதான். எனக்கு இல்ல, பாத்துக்கிடும். ரெண்டு தரம்... மூணு தரம்! கோயமுத்தூர் அம்மாவுக்கு. ஏட்டி செண்பகம், பெட்டிய நல்லாப் பொதிஞ்சு அனுப்பு. கீறல் விழுந்துச்சுன்னா என் பேரு கெட்டுப்போகும்."

செண்பகவல்லியின் உள்ளம் குளிர்ந்தது. அவள் கோவில்பட்டிக்கு வாழவந்து ஓராண்டு நிறையவில்லை. கணவன் மந்திரமூர்த்திக்கு நூற்பாலையில் வேலை குறைந்து, வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கும்படி ஆகிவிட்டிருந்தது. அந்தக் குறையைத் தன்னால் இயன்ற அளவு நிரப்ப வேண்டும் என்று எண்ணியே அவள் இந்த ஏலக்குழுவில் சேர்ந்தாள். முதலில் தன் சீர்வரிசையில் இரட்டையாய் வந்த பாத்திரங்களை விற்றாள். பிறகு மாமியார் வெயிலம்மாளிடம் கேட்டாள்.

"பரண்ல கிடக்கதெல்லாம் எடுத்துக்கோ தாயி," என்று வெயிலம்மாள் வாயாரச் சொன்னாள். "ஓட்டை அண்டா இருக்கு, உங்க மாமா தூக்கிட்டு அலைஞ்ச லாந்தர் இருக்கு. எலிக்குக் குடக்கூலி இல்லாம வீடு விட்டிருக்கேன். அதுக்கு ஒருத்தன் துட்டு தாரேங்கான்னா வேண்டாம்பனா?"

சொல்லிவிட்டு, உளுந்து பிடுங்கும் காலமாதலால், எப்போதும்வென்றான் என்னும் ஊரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மார்கழி மழை ஓய்ந்து கரிசல் பாளம் விடத் தொடங்கியிருந்தது. கோயிலில் இருள் பிரியுமுன்னே பாடல்கள் எழுந்தன. அவற்றைக் கேட்டபடியே செண்பகவல்லி பரணில் ஏறினாள். அண்டாவும் லாந்தரும் இறங்கின. தெற்கு மூலையில், வெள்ளைத்துணி போர்த்தியிருந்த பெட்டியும் இறங்கியது.

உள்ளே ஒரு சிறுமிக்குரிய புதுப்பாவாடையும் சட்டையும், கண்ணாடி வளையல்களும், ரிப்பனும், கைக்கண்ணாடியும் இருந்தன. உறவுப் பிள்ளை யாருக்கோ வாங்கி மறந்த பொருள்கள் என்று எண்ணி, அவற்றை இரும்புப் பீரோவில் எடுத்து வைத்தாள். அடியில் சாயம் வெளுத்த பழைய பச்சைப் பாவாடை ஒன்று கிடந்தது. பெட்டியின் பித்தளைப் பூண்களைப் பொதிய மெல்லிய பழந்துணி வேண்டியிருந்தது. அதற்கு இது பொருத்தமாய் இருந்தது. ஆனால் நீளம் போதவில்லை. இடுப்புக்குக் கீழே மூன்று வரிசையாய் மடித்துத் தைத்திருந்ததைக் கண்டாள். பிளேடு கொண்டு தையலைப் பிரித்தாள். மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி, வெயில் படாத இளம்பச்சையாய் வெளிவந்தது. இப்போது நீளம் போதும். பெட்டி கோயமுத்தூருக்குப் போயிற்று.

தை பிறக்கச் சில நாள் இருக்கையில் வெயிலம்மாள் திரும்பினாள். கையில் ஜவுளிக்கடைப் பை இருந்தது. அதிலிருந்து அரக்குநிறப் பாவாடைத்துணி ஒன்றை எடுத்து மடியில் விரித்து, விரல்நுனியால் நீவினாள்.

"தாயி, பரண்ல தெக்கு மூலையில வெள்ளைத்துணி போத்தி ஒரு பெட்டி இருக்கும். குளிச்சிட்டு ஏறி, பைய இறக்கு."

செண்பகவல்லி முகம் மலர்ந்தாள். "அந்தப் பெட்டியா அத்தை? அதுக்குத்தான் எல்லாத்தையும் விட நல்ல விலை கிடைச்சது. வந்ததும் சொல்லணும்னு இருந்தேன்."

வெயிலம்மாள் பரணை ஏறிட்டுப் பார்த்தாள். துடைத்து வைத்த கோயில் மாடம்போல் அது வெறுமையாய் இருந்தது. அவள் கத்தவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, "உள்ள இருந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் பீரோவுல பத்திரமா இருக்கு அத்தை."

வெயிலம்மாள் மூச்சை விட்டாள். "பரண்ல கிடக்கதெல்லாம்னு நாந்தான சொன்னேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாமான் என்று அவள் சொன்ன எதற்குள்ளும் அந்தப் பெட்டி என்றுமே அடங்கியதில்லை; அதனால் அதை விலக்கிச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மாலையில் ஆலையிலிருந்து வந்த மந்திரமூர்த்தி செய்தி கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். மனைவியைப் புறக்கடைக்கு அழைத்துப் போனான்.

"அது கன்னிப்பெட்டி. எனக்கு முந்தி ஒரு அக்கா இருந்தா. பூங்கொடி. பத்து வயசுல காய்ச்சல்ல போயிட்டா. வருசா வருசம் தை வெள்ளியில அம்மா புதுத்துணி எடுத்து அதுல வச்சுக் கும்பிடுவாவ."

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒரே பிள்ளைன்னுதான சொன்னீய?"

"தெய்வமாப் போனவளைக் கூடப்பிறந்தவன்னு எண்ணிச் சொல்ல மாட்டோம் செண்பகம். வீட்டுப் பேச்சுலயும் எடுக்க மாட்டோம். தையில கும்பிடும்போது நீயே தெரிஞ்சுக்கிடுவன்னு இருந்துட்டேன். உங்க வீட்டுல கன்னி இல்லையா?"

"இருக்கு. சுவத்துல ஒரு இடத்துல குங்குமம் வச்சிருக்கும், அவ்வளவுதான். பெட்டி கிடையாது." அவள் குரல் இறங்கியது. "ஏங்க... அடியில ஒரு பழைய பச்சைப் பாவாடை கிடந்துச்சு."

மந்திரமூர்த்தி தலை குனிந்தான். "புதுசெல்லாம் ஒவ்வொரு வருசமும் மாறும். பழசை யாராவது பிள்ளைக்குக் கொடுத்திருவாவ. அது மட்டும் மாறாது. அது அவ உடுத்தினது."

மறுநாள் காலை செண்பகவல்லி கோயமுத்தூருக்குப் பேசினாள். பெட்டியை எடுத்தவள் ஜெயப்பிரியா என்பவள். தன் வீட்டு முன்கூடத்துக்கென்று வாங்கியிருந்தாள். செய்தியைக் கேட்டதும், "அய்யோ, சாமிப் பெட்டிங்களா? நான் அது மேல செருப்பு வெக்கலாம்னு இருந்தனுங்க. இன்னைக்கே அனுப்பி வுட்டர்றேன்," என்றாள்.

"அக்கா, அதுல சுத்தியிருந்த பச்சைத்துணி?"

"அதை அன்னைக்கே குப்பை வண்டில போட்டாச்சுங்களே. பழைய துணின்னுதானுங்க நெனச்சேன்."

செண்பகவல்லி வாங்கிய விலையை அப்போதே திருப்பி அனுப்பினாள். மாமியாரிடம், "பெட்டி வருது அத்தை," என்று மட்டும் சொன்னாள். 'எல்லாம் பத்திரமா இருக்கு' என்று அறியாமல் சொன்ன சொல், இப்போது அறிந்தே காக்கிற பொய்யாகிவிட்டது. பெட்டியின் அடியை வெயிலம்மாள் தொடுவது வழக்கமில்லை என்று மந்திரமூர்த்தி சொல்லியிருந்தான். புதுத்துணியை மேலே வைத்து மூடிவிடுவாள். வாய் திறக்காதிருந்தால் ஒருவேளை ஒருநாளும் தெரியாமலே போய்விடும். அந்த நினைப்பே அவளுக்கு நெருப்பாயிருந்தது.

பெட்டி வந்தது. வெயிலம்மாள் அதை ஈரத்துணியால் துடைத்தாள். மஞ்சளும் குங்குமமும் இட்டாள். பெட்டி மீண்ட மகிழ்ச்சியில், இத்தனை காலமும் பேசாதிருந்ததை மருமகளிடம் பேசினாள்.

"உனக்குத்தான் இப்பம் தெரிஞ்சு போச்சே, சொல்லுதேன் கேளு. பொல்லாத வாய் அவளுக்கு. பொங்கலுக்குப் பச்சைப் பாவாடை தச்சுக் கொடுத்தா, 'எதுக்கும்மா இத்தனை மடிப்பு, குண்டா தெரியுதேன்'னு சண்டை. ஏட்டி, நீ பனை மாதிரி வளருத, வருசத்துக்கு ஒரு மடிப்பாப் பிரிச்சு விட்டா மூணு வருசம் ஓடும்லான்னு சொன்னேன். ஒண்ணைக்கூடப் பிரிக்கல. அப்படியே வச்சிருக்கேன். பிரிச்சா அவ வளந்துட்டான்னு ஆயிரும்லா?"

செண்பகவல்லி அவள் காலடியில் விழுந்தாள்.

"நான் பிரிச்சிட்டேன் அத்தை. மூணையும் பிரிச்சிட்டேன். நீளம் பத்தலைன்னு பிரிச்சுப் பெட்டியச் சுத்தி அனுப்பிட்டேன். வாங்கின கோயமுத்தூர் அக்கா அதைக் குப்பையில போட்டுட்டாவ. அத்தை, எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பொறவும் சொல்லாம இருந்துட்டேன்."

வெயிலம்மாளின் கை பெட்டியின் மீதே இருந்தது. பிறகு அதைத் திறந்தாள். குனிந்து, அடிப்பலகையைத் தடவினாள். பலகை வழவழப்பாயிருந்தது. மூடினாள்.

"அப்ப இது வெறும் பெட்டி," என்றாள்.

தை முதல் வெள்ளி வந்தது. வெயிலம்மாள் விளக்கேற்றவில்லை. மந்திரமூர்த்தி, "அம்மா, புதுப்பாவாடைய வச்சுக் கும்பிடுவோம். தெய்வம் எங்கதான் இல்ல?" என்று கெஞ்சினான்.

"தெய்வம் எங்கயும் இருக்கும்லே. பிள்ளை அப்படியா? அவ துணி எங்க கிடக்கோ அங்கனதான் நிப்பா." அவள் கண் தெருவில் நிலைத்திருந்தது. "கோயமுத்தூர்ல அவளுக்கு யாரையும் தெரியாதே."

அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு செண்பகவல்லியால் வீட்டுக்குள் இருக்க இயலவில்லை. புதுப்பாவாடையை மடித்துப் பையில் வைத்தாள். பூ வாங்கி வந்தாள். மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாங்க அத்தை. போய்க் கூட்டிட்டு வருவோம்."

இருவரும் கோயமுத்தூர் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜெயப்பிரியா தெருமுனையில் காத்திருந்து, குப்பை வண்டி வழக்கமாய் நிற்கும் இடத்தைக் காட்டினாள். காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து ஒதுங்கி நின்றாள். ஸ்கூட்டர்கள் போயின. ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போயிற்று. வெயிலம்மாள் இலை விரித்து, பாவாடையை வைத்து, பூவைச் சொரிந்தாள். தீபாராதனையின்போது கருவறையை நோக்குகிறவள்போல் கைகளைக் குவித்தாள்.

"ஏட்டி, அம்மா வந்திருக்கேன். பயந்துட்டியா? உன்னை யாரும் விரட்டிவிடல. தெரியாம நடந்து போச்சு. புதுப்பாவாடை கொண்டாந்திருக்கேன். இதுல மடிப்பே இல்ல, பாரு. வா, வீட்டுக்குப் போவோம்."

எந்த அடையாளமும் வரவில்லை. காற்றும் எழவில்லை. சற்று நேரம் பார்த்திருந்து, பாவாடையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மதுரைப் பேருந்தில் மூவர் அமரும் இருக்கை கிடைத்தது. செண்பகவல்லி மெல்லக் கேட்டாள்: "வந்துட்டாவளா அத்தை?"

"தெரியலையே தாயி," என்றாள் வெயிலம்மாள். அதுவரை வராத கண்ணீர் அப்போது வந்தது. "வருசந்தோறும் பெட்டியத் திறந்ததும் வேப்பெண்ணெய் வாசம் அடிக்கும். அவ தலைக்குத் தேய்ச்சது. அதை வச்சுத்தான் எனக்குத் தெரியும். இப்பம் எதை வச்சுத் தெரிஞ்சுக்கிட?"

நடத்துநர் வந்தார். செண்பகவல்லி பணத்தை நீட்டி, "மதுரைக்கு ரெண்டு முழுசு, ஒரு அரை," என்றாள்.

"பிள்ளை எங்கம்மா?" என்று அவர் குனிந்து பார்த்தார்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேளாமல் மூன்று சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

வண்டி நகர்ந்தது. சன்னலருகே அமர்ந்திருந்த செண்பகவல்லியின் முழங்கையை வெயிலம்மாள் தொட்டாள்.

"இங்கிட்டு வா. அந்த ஓரத்தை விட்டிரு தாயி. பஸ்ல ஏறினா அவளுக்கு வாந்தி வரும்."