தர்லோவின் வாசல் மணி

பனி மேல் மழை விழுந்தால் பனி கரைந்து வெள்ளம் வரும் என்று நியூ ஹாம்ப்ஷயர் மலைக்காரர்களுக்குத் தெரியும். அன்று விடிந்ததிலிருந்து அந்த மழைதான். வெர்னா சமையலறை ஜன்னல் வழியாக ஓடையை எட்டிப் பார்த்தாள். நேற்றுவரை தெளிவாக ஓடிய தண்ணீர் காபி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

தண்ணீர் மண்ணோடு வருகிறதென்றால் மேட்டு வீட்டுக்காரர் தர்லோவின் சொந்த அணை கரைகிறது என்று அர்த்தம். அந்த அணைக்கு நேர் கீழேதான் வெர்னாவின் வீடு. உள்ளறைக் கட்டிலில் அவள் கணவன் ஏமஸ். இடுப்பெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவன். அவனை நாற்காலியில் உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டும். வெளியே போகும் கீழ்ப்பாலமோ காலையிலேயே மூழ்கிவிட்டது.

“தர்லோ மதகைத் தொறக்கவே இல்ல. அந்தாளுக்குப் போனும் கிடையாது. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்,” என்றாள். “நீ டெக்ஸ்டருக்குப் போன் போட்டு, மேல் பாதையா தர்லோ வீட்டுக்கு வரச் சொல்லு. நாலு ஆளோட வரட்டும். உன்னையும் தூக்கணும்.”

“அணை உடைஞ்சா அப்புறமா வழக்குப் போட்டுக்கலாம்னு சொன்னியே, மகராணி,” என்றான் ஏமஸ். “நான் செத்தா எவ்வளவு நஷ்டஈடு கேப்ப? கொஞ்சம் கூடவே போட்டுக் கேளு.”

“வாயை மூடு, ஏமஸ்.”

அவன் சிரித்தான். அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

போன வருஷம் மார்ச் மாதத்து ஊர்க்கூட்டத்தில் அவள் பேசியது பொய்யில்லை. அணையைச் சோதிக்க மாநில அரசு ஆள் அனுப்பப்போகிறது என்று தெரிந்ததும் ஊரே கொதித்தது. வெர்னா எழுந்து, “இன்னிக்கு அணையைப் பாக்க வருவான், நாளைக்கு அடுப்பைப் பாக்க வருவான். ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கெடுதல் செஞ்சா அப்புறமா வழக்குப் போட்டுத் தண்டிக்கட்டும். செய்வானோன்னு சந்தேகப்பட்டு வேலிக்குள்ள கால் வைக்க எந்த அரசுக்கும் உரிமை இல்ல. அரசாங்கத்தோட எல்லை தர்லோவோட வாசல்!” என்று முழங்கினாள். கை தூக்கிய கூட்டத்தைப் பார்த்து அவளுக்கே புல்லரித்தது. பிறகு வந்த சோதனை அதிகாரியை, துப்பாக்கியோடு நின்ற தர்லோவுக்குப் பக்கத்தில் நின்று திருப்பி அனுப்பியதும் அதே ஊர்க்காரர்கள்தான்.

அதோடு விட்டார்களா? அரசுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்று, ஒவ்வொருவரும் வேலி வாசலில் ஒரு மணி கட்டினார்கள். வருகிறவர் மணியடிக்க வேண்டும். வீட்டுக்காரர் ‘வா’ என்று குரல் கொடுத்தால்தான் உள்ளே போக வேண்டும். பக்கத்து வீட்டு டெக்ஸ்டரின் மாடு ஒருமுறை வெர்னாவின் முட்டைக்கோஸ் பாத்தியில் இறங்கிவிட்டது. அவள் சர்ச்சிலிருந்து திரும்பும்வரை அந்த மனுஷன் வாசலில் மணியடித்துக்கொண்டே நின்றான், மாடு பாத்தியைக் காலிசெய்வதைப் பார்த்தபடி. அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. உள்ளுக்குள் அவனை மெச்சவும் செய்தது.

வெர்னா சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டில் ஏறி தர்லோவின் வாசலுக்கு வந்தபோது மூச்சு இரைத்தது. மணிக்கயிற்றை இழுத்தாள். பதில் இல்லை. மறுபடியும் இழுத்தாள். மரங்களுக்குப் பின்னால் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை.

“தர்லோ! நான் வெர்னா! அணையைப் பாருங்க!”

வேலிக் கதவில் அவர் கைப்பட எழுதிய பலகை தொங்கியது. கூப்பிடாமல் வருகிறவன் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்றது அது. தர்லோ சொன்னதைச் செய்கிறவர். அந்த அதிகாரியின் தலைக்கு மேலே குண்டு பறந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், கைதட்டியும் இருக்கிறாள்.

மணியடித்தாள், நின்றாள், மறுபடி அடித்தாள். துப்பாக்கிக்குப் பயந்தாள். அணைக்குப் பயந்தாள். இரண்டையும்விட, ஊரறியச் சொன்ன சொல்லைத் தானே மிதிப்பதற்குப் பயந்தாள் என்பதுதான் வெட்கக்கேடு. கட்டிலில் கிடக்கும் புருஷன் கண்ணில் வந்து போனான். அப்போதும் அவள் கை கயிற்றில்தான் இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு அவள் வேலியில் ஏறியபோது மழைக்கோட்டு உள்வரை நனைந்து கனத்திருந்தது.

தர்லோ வீட்டில் இல்லை. அணையில் இருந்தார். மதகுப் படியில், மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். பெரிய பனிக்கட்டி ஒன்று அவர் காலைக் கல்சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருந்தது. உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது.

“கேட்டுச்சு,” என்றார். பல் தந்தியடித்தது. “முதல் மணியே கேட்டுச்சு. வா, வான்னு கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்மா.”

“எனக்குக் கேக்கல, தர்லோ.”

“மணி நின்னதும் நீ போயிட்டன்னு நெனைச்சேன். நீ எம்புட்டு நேரம்... ஏம்மா உள்ள வரல?”

அவள் அவரிடம் போகப் படியில் கால் வைத்தாள்.

“சக்கரத்தைச் சுத்து,” என்றார். “தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு.”

மதகைத் தூக்கும் இரும்புச் சக்கரத்தை உடம்பு முழுவதையும் கொடுத்துச் சுற்றினாள். மதகு முனகிக்கொண்டு ஒரு முழம் எழுந்தது. அடியில் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. தர்லோவின் மார்பில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. அவள் கையைத் தளர்த்தியதும் சக்கரம் தானே திரும்பி மதகு கீழே விழப் பார்த்தது. பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

“பூட்டுற கொக்கியைப் பனி உடைச்சிடுச்சு,” என்றார் தர்லோ. “விட்டுடாத. மதகு விழுந்தா கரை தாங்காது.”

கழுத்துக் கம்பளித் துணியால் கட்டிப் பார்த்தாள், கிழிந்தது. ஒரு கிளையைச் செருகினாள், முறிந்தது. ஆக, பிடித்தபடி நிற்பதைத் தவிர வழியில்லை. தோள்பட்டை பற்றியெரிந்தது. மண்கரையின் ஓரத்தில் ஒரு பிடி மண் நழுவி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பிடி.

“டெக்ஸ்டர் வரான்,” என்றாள். “ஆளுங்களோட வரான். கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

“துப்பாக்கி வீட்டுல மாட்டியிருக்கு,” என்றார் தர்லோ கண்ணை மூடிக்கொண்டே. “அதுல குண்டுகூட இல்ல. அன்னைக்குச் சுட்டதுதான் கடைசி.”

அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. “தர்லோ! தூங்காதீங்க! என்னைப் பாருங்க!” என்று அதட்டினாள். அவர் கண்ணைத் திறந்தார். திறந்த கண் அவளைப் பார்த்ததா என்று தெரியவில்லை.

அப்போது வாசல் பக்கம் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வெர்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது.

மணி அடித்தது.

“வா!” என்று கத்தினாள். “உள்ள வா, டெக்ஸ்டர்! வா!”

திறந்த மதகில் தண்ணீர் முன்னைவிடப் பெரிதாக இரைந்துகொண்டிருந்தது. அவள் குரல் மரங்களைத் தாண்டவில்லை. மணி மறுபடி அடித்தது. மரியாதையாக, இடைவெளி விட்டு, பதிலுக்குக் காத்திருந்து அடித்தது. அவள் கை சக்கரத்தில் வழுக்கியது. மறுபடி இறுக்கிப் பிடித்தாள்.

டெக்ஸ்டர் நல்லவன். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டான்.