நெற்றிக்கு அடியில் ஒரு கை

பிறந்த பதினேழாம் நாள் எங்கள் மகள் பட்டாணிக்குப் பால் புரையேறியது. உதடு நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். என் மனைவிதான் சட்டென்று கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் அன்றிலிருந்து அவள் மூக்கு எந்தத் துணியின் பக்கம் போனாலும் ஓடிப்போய் விலக்கினேன்.

எட்டாவது வாரம் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் அவள் தலையைத் தடவிப் பார்த்தார்.

"மல்லாக்கவே படுத்துப் படுத்து பின்மண்டை தட்டையாகுது பாருங்க. கழுத்துக்கும் பலம் பத்தல. முழிச்சிருக்கும்போது தரையில குப்புறப் போடுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவ. தூங்க வைக்கிறது மட்டும் எப்பவும் மல்லாக்கத்தான்."

"மூச்சு முட்டிட்டா?"

"அதுக்குத்தானே சார் நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க? மூணு வாரம் கழிச்சு கொண்டாங்க. அப்பவும் தலையைத் தூக்கலைன்னா நரம்பு டாக்டருக்கு எழுதித் தரேன்."

என் மனைவி பேருந்து ஓட்டுகிறாள். விடியுமுன் போனால் மதியம் ஒரு மணிக்கு வருவாள். இரண்டு மணிக்கு நான் கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்க்கக் கிளம்புவேன். ஆக, காலை முழுக்க என் பொறுப்பு. வந்தவளைத் தூங்க விடலாமே என்று நான்கு முறையையும் காலையிலேயே முடித்துவிடுவேன்.

ஒரு தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். நேரம், நிமிடம், அழுகை. பால் குடித்து அரை மணி ஆன பிறகுதான் போடுவேன். மெத்தையில் இல்லை, தரையில் பாய் விரித்து. மார்புக்கு அடியில் சுருட்டிய துண்டு. எல்லாம் முறைப்படி.

ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவள் நெற்றிக்கு அடியில் என் உள்ளங்கை. லென்ஸைச் சாணையில் பிடிக்கிற அதே பிடி: அழுத்தாது, விடவும் விடாது. பட்டாணி நிம்மதியாக என் கையில் தலையைப் போட்டுக்கொண்டு எச்சில் ஒழுகவிட்டாள். அழுகைக் கட்டத்தில் 'இல்லை, இல்லை' என்று எழுதினேன். அது உதவியா தவறா என்று ஓரிரு முறை யோசித்ததுண்டு. கையை எடுத்துப் பார்க்கத் துணிவில்லை.

முதல் ஞாயிறு மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு வீட்டில் இருந்தாள். காலையில் ஃபிரிட்ஜ் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"என்னங்க, பதினஞ்சு நாளாச்சு. நூறு நிமிஷத்துக்கு மேல போட்டிருக்கீங்க. தோள்ல போட்டா தலை இன்னும் தொங்குது." குரல் உடைந்தது. "இவ்வளவு செஞ்சும் நிக்கலன்னா நரம்புலதான் ஏதோ இருக்கு. வண்டி ஓட்டும்போதும் எனக்கு இதே நெனப்புதான்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"கையா? எத்தனை தடவ?"

"எல்லாத் தடவையும்."

ஃபிரிட்ஜில் இருந்த தாளைத் தட்டினாள். "பதினஞ்சு நாள் தலையணையா வேலை பாத்துட்டு, அதுக்கு வருகைப் பதிவு வேறயா?" சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பிறகு பாயை விரித்தாள். "போடுங்க. கையை எடுங்க. நான் இருக்கேன்ல."

எடுத்தேன். முகம் பாயில் போய் விழுந்தது. மூக்கு அழுந்துவது தெரிந்தது. ஒன்று. சத்தமில்லை. இரண்டு. அந்தப் பதினேழாம் நாள் வாய் கண்முன் வந்தது. நான் பாய்ந்தேன், மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதில் பட்டாணி முக்கி முனகித் தலையை ஒரு பக்கம் திருப்பினாள். கன்னத்தைப் பாயில் வைத்துக்கொண்டு வீறிட்டாள்.

"அழறாளே!"

"அழறான்னா மூச்சு விடறா. நீங்களும் கொஞ்சம் விடுங்க."

திரும்பினாள், அவ்வளவுதான். தலையைத் தூக்கவில்லை. நர்ஸ் சொன்ன கெடுவுக்கு ஆறு நாள் இருந்தது. இரவு மனைவி சொன்னாள்: "நாளைக்குத் தனியா பயமா இருந்தா உங்க நெஞ்சு மேல போட்டுக்கோங்க. அதுவும் குப்புறதான். மூஞ்சியாச்சும் தெரியும்."

திங்கள் காலை அவள் போனதும் வீடு பயங்கரமாக அமைதியாக இருந்தது. பால் கொடுத்து அரை மணி காத்தேன். சுவரில் தலையணை வைத்துச் சரிந்து படுத்து, பட்டாணியை நெஞ்சில் கவிழ்த்தேன். இரண்டு கைகளையும் அவள் விலாவோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் போகக்கூடாது. என் இதயம் அடித்த அடியில் அவள் உடம்பு ஏறி இறங்கியது. மூக்கு என் சட்டையில் புதைந்தது. விரல்கள் தாமாக மேலே நகர்ந்தன, இழுத்து நிறுத்தினேன்.

"பட்டாணி, அப்பா இங்க இருக்கேன்டி. மேல பாரு." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

முனகினாள். முகம் சிவந்தது. கழுத்து வெடவெடவென்று ஆட, மோவாய் என் சட்டையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பியது. அடங்காத கோபத்தோடு என் முகத்தைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தலை பொத்தென்று விழுந்தது.

அவளைத் தூக்கித் தோளில் போட்டபோது என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பாதி அவள் எச்சில், மீதி என் வியர்வை. கட்டத்தில் 'மூன்று நொடி. கை இல்லை' என்று எழுதினேன். அடுத்தது பாயில் போட வேண்டும். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் இப்போதே பாயை விரித்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.